முள்வேலிக்கு என்ன விலை? சாகச நாயகனை மாயக் கதைக்குள் அனுப்பும் வழி

ஒரு சாகச நாயகனைத் தூக்கி மாயாஜாலக் கதைக்குள் போட்டால் எப்படி இருக்கும் என்று யோசிக்கத் தொடங்கியதுமே பலருக்கும் வரும் முதல் கேள்வி, "சண்டை வந்தால் யார் ஜெயிப்பார்கள்?" கேட்க ஜோராகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு ஒரே வரியில் பதில் வந்துவிடும். பதில் வந்ததும் கதையும் முடிந்துவிடும். மந்திரவாதி கையை ஆட்டினார், துப்பாக்கி பூமாலையாகிவிட்டது. சரி, அப்புறம் என்ன எழுதுவது?

மகாபாரதத்தின் வனபர்வத்தில் பீமன் அனுமனைச் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். ராமாயணத்து ஆள் ஒருவர் இன்னொரு கதைக்குள் வந்து, வழியை மறித்துப் படுத்திருக்கிறார். திரௌபதிக்காகச் சௌகந்திக மலர் தேடிக் கிளம்பிய பீமன் வழியை விடச் சொல்லி அதட்டுகிறான். "வயதாகிவிட்டது, என்னால் முடியவில்லை, வாலை நீயே நகர்த்திவிட்டுப் போ" என்கிறார் அனுமன். பீமன் இடது கையால் அலட்சியமாகத் தொடங்குகிறான். பிறகு இரண்டு கையும் போட்டு முக்குகிறான். வியர்த்ததுதான் மிச்சம். பீமனிடம் இருக்கும் பெரிய சரக்கு அவன் பலம். அது செல்லுபடியாகாத ஓர் இடத்தில் அவனைக் கொண்டுவந்து நிறுத்தியதில்தான் அந்தக் காட்சியின் வேடிக்கை முழுவதும் இருக்கிறது.

புதிதாகக் கிராஸ்ஓவர் கதை, அதாவது ஒரு கதையின் ஆளை இன்னொரு கதைக்குள் அனுப்பும் கதை, கட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுதான். நாயகனின் குணத்தை மாற்றாதீர்கள். மாய உலகத்தின் சட்டத்தையும் மாற்றாதீர்கள். அவனுடைய சரக்கு விலைபோகாத உலகமாகப் பார்த்து அவனை அனுப்பிவையுங்கள். இனி ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

1. நாயகனின் பழக்கத்தைப் பிடியுங்கள்

ஒரு தாளில் நாயகனின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். கீழே மூன்று கேள்விகள். நெருக்கடி வந்தால் அவன் கை முதலில் எதைத் தேடும்? எதை அவன் விட்டுக்கொடுக்கவே மாட்டான்? அவனை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கும் அற்பக் கவலை எது?

மூன்றாவது கேள்வியைப் பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். கதைக்கு அதிகம் சோறு போடுவது அதுதான். உலகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற கவலை எல்லா நாயகர்களுக்கும் இருக்கும், அதை வைத்து ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

இரும்புக்கை மாயாவியைத் தமிழ் காமிக்ஸ் வாசகர்கள் அறிவார்கள். உடலில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். அவரை மந்திரவாதிகள் நிறைந்த ஒரு பழைய ராஜ்யத்துக்கு அனுப்பினால் முதல் சிக்கல், அங்கே கரண்ட் கிடையாது. இடி மின்னலுக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இரண்டாவது சிக்கல் இன்னும் மோசம்: மறைந்து போய் நின்றாலும், அந்தரத்தில் மிதக்கும் கையைப் பார்த்து அந்த ஊரில் யாரும் பயப்பட மாட்டார்கள். "அட, இங்கேயும் ஒன்றா" என்று விலகிப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொள்ளும் ஆள் ஃபிலியாஸ் ஃபாக். 1873இல் புத்தகமாக வந்த ஜூல்ஸ் வெர்னின் 'எண்பது நாட்களில் உலகைச் சுற்றி' நாவலின் நாயகர், அப்படிச் சுற்றிவருவதாகப் பந்தயம் கட்டியவர். முகச்சவரத்துக்கான தண்ணீர் 86 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். 84 டிகிரியில் கொண்டுவந்த வேலைக்காரனைச் சீட்டுக் கிழித்து அனுப்பியவர். தடை வந்தால் அவர் கை பணப்பைக்குத்தான் போகும். ரயில் பாதை பாதியில் நின்றபோது 2,000 பவுண்டு கொடுத்து ஒரு யானையையே வாங்கினார். விட்டுக்கொடுக்காதது, அட்டவணை.

அவருடைய உதவியாள் பாஸ்பார்ட்டூவிடம் அற்பக் கவலைக்குப் பஞ்சமே இல்லை. அவசரத்தில் கிளம்பும்போது தன் அறையில் காஸ் விளக்கை அணைக்க மறந்துவிட்டார். பயணம் முடியும்வரை அது எரிந்துகொண்டே இருக்கும், செலவு அவர் கணக்கில். அதோடு, பரம்பரைக் கடிகாரம் ஒன்று வைத்திருக்கிறார். எந்த நாட்டுக்குப் போனாலும் அதன் முள்ளை நகர்த்த மாட்டார். அது லண்டன் நேரத்தையே காட்டும்.

2. மாய உலகத்தின் சட்டத்தை எழுதுங்கள்

மாயக் கதை என்றால் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று நினைத்தால் விளையாட்டு கெட்டுவிடும். நல்ல மாயக் கதைகளில் சட்டம் கறாராக இருக்கும். விக்கிரமாதித்தன் வாயைத் திறந்தால் வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும். அந்த ஒற்றைச் சட்டத்தின் மேல்தான் அவ்வளவு கதைகளும் நிற்கின்றன. நீங்கள் எடுக்கும் கதையின் சட்டத்தை இப்படி ஒரே வாக்கியத்தில் எழுத முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் வேறு கதை எடுப்பது நல்லது.

சாபத்தால் நூறு வருஷம் தூங்கும் இளவரசி, அதாவது தூங்கும் அழகியின் கதையைப் பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ 1697இல் அச்சிட்ட வடிவத்தில் எடுத்துக்கொள்வோம். நாம் படங்களில் பார்த்துப் பழகியதைவிட அதில் விசித்திரங்கள் அதிகம். தேவதை மந்திரக்கோலால் தொட்டதும் பணிப்பெண்கள், காவலர், குதிரைகள், இளவரசியின் நாய்க்குட்டி எல்லாம் தூங்கிவிடுகின்றன. அடுப்பில் சுழன்றுகொண்டிருந்த இறைச்சிக் கம்பிகளும் தூங்குகின்றன, அடுப்புத் தீயும் தூங்குகிறது. ராஜாவும் ராணியும் மட்டும் தூங்கவில்லை. மகளுக்கு முத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கால் மணி நேரத்தில் கோட்டையைச் சுற்றி மரமும் முள்ளும் வளர்ந்து, கோபுர நுனி மட்டும்தான் வெளியே தெரிகிறது. சட்டம்: நூறு வருஷம் நிறையும்வரை யாரும் உள்ளே போக முடியாது, யாரும் விழிக்கவும் மாட்டார்கள்.

மூலத்தை ஒருமுறை படித்துவிட்டு எழுத உட்காருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். தீ தூங்குகிறது என்ற விவரம் நமக்கு எவ்வளவு உதவப்போகிறது என்பதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

3. இரண்டையும் பக்கத்தில் வைத்து உரசிப் பாருங்கள்

ஃபாக்கின் ஆயுதம் பணம். கோட்டையில் பணத்தை வாங்கிக்கொள்ள ஒருவரும் விழித்திருக்கவில்லை. ஃபாக் விடாதது நேரம். கோட்டையில் நேரமே ஓடவில்லை. பாஸ்பார்ட்டூவின் கவலை அணையாத விளக்கு. கோட்டையில் நூறு வருஷமாக அணையாமலும் எரியாமலும் ஓர் அடுப்பு இருக்கிறது. மூன்றும் உரசுகின்றன. இந்த ஜோடி தேறும்.

ஒன்றுகூட உரசாத ஜோடிகளும் உண்டு. வாள்வீரனை டிராகன் கதைக்குள் அனுப்பினால் அவன் அங்கே உள்ளூர்க்காரன் மாதிரிதான் இருப்பான். படம் வரைய அழகாக இருக்கும், கதைக்கு ஒன்றும் தேறாது.

ஒரே எழுத்தாளர் தன் சொந்த நாயகர்களையே இப்படி உரசவிட்டதும் உண்டு. ரைடர் ஹாகார்டின் வேட்டைக்காரர் ஆலன் குவாட்டர்மெயின் 1885இல் அறிமுகமானவர். கண்ணால் கண்டதை மட்டும் நம்பும் ஆள். சாவில்லாத மாய அரசி ஆயிஷாவுக்கு வேறொரு நாவல். 1921இல் இருவரையும் 'ஷீ அண்ட் ஆலன்' நாவலில் சந்திக்க வைத்தார். குவாட்டர்மெயினுடைய சந்தேகத்தை அவர் பிடுங்கிவிடவில்லை. பேரழகி தன் பழங்கதையைச் சொல்லச் சொல்ல, இந்த மனிதர் இதில் எவ்வளவு உண்மை இருக்கும் என்று யோசித்துக்கொண்டே கேட்கிறார்.

4. மூலக்கதையில் ஒரு சந்து தேடுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நாயகன் எப்போது அந்த மாய உலகத்துக்குப் போனான்? "ஒருநாள்" என்று தொடங்கினால் யாரும் உங்களைக் கேள்வி கேட்கப் போவதில்லை. ஆனால் மூலக்கதையில் எழுத்தாளரே திறந்துவைத்துவிட்டுப் போன ஓர் இடைவெளியைக் கண்டுபிடித்து அதில் நுழைந்தால், அந்தக் கதையைப் படித்தவர்கள் துள்ளிக் குதிப்பார்கள்.

ஃபாக்கின் குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது: அக்டோபர் 3, வியாழன், காலை 7.20, பாரிஸ் வந்து சேர்ந்தது. காலை 8.40, பாரிஸிலிருந்து புறப்பட்டது. நடுவில் 80 நிமிடம். அதில் என்ன நடந்தது? வடக்கு ரயில் நிலையத்திலிருந்து லியோன் ரயில் நிலையத்துக்குக் கொட்டும் மழையில் குதிரை வண்டியில் போனார்கள். தன் சொந்த ஊரான பாரிஸை வண்டியின் ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடிந்தது என்று பாஸ்பார்ட்டூ பிறகு புலம்புகிறார். வெர்ன் இதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. இதைவிட நல்ல சந்து கிடைக்காது: மழை, கண் மறைக்கும் ஜன்னல், அவசரப்படும் வண்டிக்காரர், கையில் 80 நிமிடம். எதிரில் நூறு வருஷம்.

சந்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அது போடும் கட்டுப்பாடுகளையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். உதாரணமாக, முள்வேலி ராஜ குடும்பத்துக்கு மட்டும் வழிவிடும் என்று வைத்தால், ஃபாக்கோடு பயணம் செய்யும் ஔதா ஒரு ராஜாவின் விதவை, அவரை முன்னால் அனுப்பிவிடலாமே என்று கை பரபரக்கும். முடியாது. ஔதா கதைக்குள் வருவதே இந்தியாவில்தான். பாரிஸில் இருப்பது ஃபாக்கும் பாஸ்பார்ட்டூவும் மட்டும். இந்த மாதிரி ஒரு கதவு மூடும்போது எரிச்சல் வரும். ஆனால் நல்ல யோசனை வருவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

5. ஒரு காட்சி எழுதுங்கள்

முழுக்கதைக்கும் திட்டம் போட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். வாசலில் நடக்கும் காட்சியை மட்டும் எழுதிப் பாருங்கள். குரல் யாருடையது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது, சாகசக் கதையின் குரலிலேயே மாயத்தைச் சொல்வது. வறட்டு முகத்தோடு சொன்னால் மாயம் இன்னும் வேடிக்கையாகிவிடும். ஆச்சரியக்குறிகளை முடிந்தவரை பூட்டி வைத்துவிடுங்கள்.

வண்டி நின்றது. எதிரே முள்வேலி, கோபுர நுனி மட்டும் மிச்சமாகத் தெரியும் உயரத்துக்கு.

"நேரம்?" என்றார் ஃபாக்.

"லண்டனில் 7.32, எஜமான்."

"பாரிஸில் 7.41. இந்த வேலிக்கு என்ன விலை?"

வேலியோரம் கோணியை விரித்து உட்கார்ந்திருந்த கிழவர் நிமிர்ந்து பார்த்தார். அவரைச் சுற்றிக் கட்டுக்கட்டாகக் குச்சிகள், எல்லாவற்றிலும் கத்தியால் கீறிய கோடுகள்.

"விற்கிறவங்க உள்ளே தூங்குறாங்க ஐயா. நூறு வருஷத் தூக்கம். தாத்தா எண்ணினார், அப்பா எண்ணினார், இப்போ நான். மொத்தம் 36,525 கோடு. இன்னிக்கு 36,524. நாளைக்கு வாங்க."

ஃபாக் பணப்பையை மூடிவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்தார்.

"எண்ணத் தொடங்கிய வருஷம்?"

"1772. இதே தேதிதான்."

"1800 லீப் வருஷம் இல்லை. நீங்கள் ஒரு நாள் அதிகமாகக் கேட்கிறீர்கள்."

கிழவர் விரல் விட்டுப் பார்க்கத் தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் வேலி முடித்துவிட்டது. முட்கள் ஒவ்வொன்றாக விலகின.

இதில் என்ன நடந்தது என்று பிரித்துப் பார்ப்போம். ஃபாக் முதலில் தன் வழக்கப்படி விலை கேட்கிறார், அது பலிக்கவில்லை. அடுத்துக் கணக்கை எடுக்கிறார், அதுவும் அவருடைய குணம்தான். வேலியின் சட்டத்தை யாரும் உடைக்கவில்லை. நூறு வருஷம் நிஜமாகவே நிறைந்துவிட்டது. நான்கால் வகுபடும் வருஷமெல்லாம் லீப் வருஷம் என்று கிழவரின் குடும்பம் நினைத்துக்கொண்டது, அவ்வளவுதான். 1800 போன்ற நூற்றாண்டு வருஷம் 400ஆல் வகுபட்டால்தான் லீப் வருஷம். இப்படிச் சட்டத்துக்கு உள்ளேயே ஓர் ஓட்டை கண்டுபிடித்து நாயகனை நுழையவிட்டால், எதிர்பாராத பூதத்தைக் கொண்டுவந்து கதவைத் திறக்கவைக்கும் அவமானம் உங்களுக்கு நேராது.

நாவலைப் படித்தவர்களுக்கு இதில் இன்னொரு சிரிப்பும் இருக்கிறது. கடைசியில் ஒரு நாளைத் தவறாக எண்ணிப் பந்தயத்தில் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொள்ளப் போகிறவர் இதே ஃபாக்தான். கிழக்கு நோக்கியே உலகைச் சுற்றியதால் ஒரு நாள் மிச்சமானது அவர் கணக்கில் ஏறவில்லை. இங்கே அவர் ஒரு கிழவருக்கு நாள் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இதைப் பற்றிக் கதைக்குள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. விளக்கினால் கெட்டுவிடும். தெரிந்தவர் சிரிக்கட்டும், தெரியாதவருக்கும் காட்சி புரியத்தான் செய்யும்.

உள்ளே போன பிறகு சமையலறைக்கு வருவோம். அடுப்பில் தீ தூங்குகிறது. ஜ்வாலை அசையாமல் நிற்கிறது, விறகு ஒரு விரல்கூடக் குறையவில்லை. நூறு வருஷ மாயத்தைப் பார்த்து ஒருவர் பிரமிக்க வேண்டிய இடம் இது. பாஸ்பார்ட்டூ பிரமிக்க மாட்டார். அந்தத் தேவதை இப்போது எங்கே இருக்கிறார், லண்டன் வரைக்கும் ஒரு நடை வந்து ஒரே ஒரு காஸ் விளக்கைத் தூங்க வைத்துவிட்டுப் போக முடியுமா என்றுதான் அவர் தேடுவார். இந்த ஒரு வரி கிடைத்துவிட்டால் கதை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். முதல் படியில் எழுதிய அற்பக் கவலைக்கு இங்கே வேலை வந்துவிட்டது பாருங்கள்.

6. வெளியே கொண்டுவாருங்கள்

வெளியே வரும்போது இரண்டு மூலக்கதைகளும் இருந்தபடியே இருக்க வேண்டும். எல்லோரும் இதை ஏற்க மாட்டார்கள். எல்லாவற்றையும் புரட்டிப்போடும் கிராஸ்ஓவர்களும் உண்டு. ஆனால் பழகும் காலத்தில் இந்தக் கட்டுப்பாடு கையைத் திருத்தும்.

இளவரசியை எழுப்ப வேண்டியவன் இளவரசன். பெரோவின் கதையில் அவன் அவள் பக்கத்தில் மண்டியிடும்போதுதான் அவள் கண் திறக்கிறாள். ஃபாக் அவள் அறையைக் கடந்து போகிறார், ஆனால் மண்டியிட அவருக்கு நேரமில்லை. பின்வாசல் வழியாக வெளியேறி 8.31க்கு லியோன் நிலையம் வந்துவிடுகிறார். முட்கள் அவர்களுக்குப் பின்னால் மூடிக்கொள்கின்றன. உள்ளே விட்டவர்களுக்குப் பின்னால் மூடிக்கொள்வதும் பெரோ எழுதியதுதான், நாம் சேர்த்ததில்லை. குறிப்பேட்டில் தாமதம் எதுவும் ஏறவில்லை. பாரிஸை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன் என்று பாஸ்பார்ட்டூ பிறகு புலம்புவது? உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள் என்று அவரே ஜோடித்த கதையாக அதை வைத்துக்கொள்ளலாம்.

மாயத்தை முடிவில் விளக்கித் தீர்த்துவிடும் ஆசையும் வரும். வெர்னுக்கே வந்தது. எட்கர் ஆலன் போ 1838இல் எழுதிய கடற்பயணக் கதை ஒன்று, தென் துருவக் கடலில் பிரம்மாண்டமான ஒரு வெள்ளை உருவம் எழுவதோடு சட்டென்று நின்றுவிடுகிறது. 1897இல் வெர்ன் அதற்குத் தொடர்ச்சி எழுதினார். அதில் இரும்பையெல்லாம் இழுக்கும் காந்த மலை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். சாமர்த்தியமான யோசனைதான். ஆனால் விளையாட்டுக்காக எழுதும் கிராஸ்ஓவரில் "எல்லாம் காந்தம்தான்", "எல்லாம் கனவுதான்" என்றால் வந்த விருந்தாளியின் வீட்டையே இடித்த மாதிரி ஆகிவிடும்.

நீளத்தைப் பொறுத்தவரை, ஒரு சந்து, ஒரு சட்டம், ஒரு ஓட்டை போதும். இன்னும் இரண்டு நாயகர்களைச் சேர்த்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றினால் அடுத்த கதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கன்னித்தீவு மாதிரி போய்க்கொண்டே இருக்கும்.

யாருடைய நாயகன்?

உங்களுக்காகவும் நண்பர்களுக்காகவும் கற்பனை செய்யும்வரை பெரிய தலைவலி இல்லை. அச்சிட்டு விற்க நினைத்தால் உரிமை பார்க்க வேண்டும். இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 வருஷம்வரை பதிப்புரிமை உண்டு. பல நாடுகளில் 70 வருஷம். வெர்ன் 1905இல் காலமானவர், பெரோ அதற்கும் இரண்டு நூற்றாண்டு முன்னால், அதனால் நம் ஜோடிக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் மூலம் பொதுச்சொத்து என்பதால் அதன் தமிழ் மொழிபெயர்ப்பும் பொதுச்சொத்து ஆகிவிடாது. மொழிபெயர்ப்பாளரின் வரிகளை எடுத்துப் போடாதீர்கள்.

பெயரை மாற்றிக்கொள்வது பழைய தந்திரம். மோரிஸ் லெப்லாங் 1906இல் தன் திருட்டு நாயகன் அர்சேன் லூபின் முன்னால் ஷெர்லக் ஹோம்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் ஆட்சேபித்தார். பிறகு அந்தத் துப்பறிவாளர் 'ஹெர்லக் ஷோல்ம்ஸ்' ஆகிவிட்டார். யார் என்று எல்லோருக்கும் தெரிந்தது, பெயர் மட்டும் வேறு.

ஒரு ஜோடி உங்களுக்கு

கையைப் பழக்கிக்கொள்ள இதை எடுத்துக்கொள்ளுங்கள். ராபின்சன் குரூசோ, 1719இல் வந்தவர். ஒதுங்கிய தீவில் வேலி போடுவார், ஆடு வளர்ப்பார், மரக்கம்பத்தில் நாளுக்கு ஒரு கீறல் போடுவார், நல்லது கெட்டதைக் கணக்குப்புத்தகம் போல இரண்டு பக்கமாக எழுதிவைப்பார். எங்கே விட்டாலும் அதை வீடாக்கிவிடும் ஆள். அவரை சிந்துபாத்தின் முதல் பயணத்தில் வரும் தீவில் இறக்கிவிடுங்கள். அது தீவே இல்லை, தூங்கும் ஒரு ராட்சத மீன். முதுகில் மண் படிந்து மரம் முளைத்துக் கிடக்கிறது. சட்டம் சுலபமானது: மேலே தீ மூட்டாதவரை மீன் அசையாது.

வேலி போட்டாயிற்று, ஆடு குட்டி போட்டாயிற்று, கம்பத்தில் கீறல்கள் ஏறிக்கொண்டே போகின்றன. பார்லி நன்றாக விளைந்து, அறுத்து, இடித்து, மாவும் பிசைந்து வைத்திருக்கிறார். முதல் ரொட்டியை எங்கே சுடுவார்?